"மருந்து எப்போ அடிச்சது?" – கேட்டு வாங்குங்கள்!

காய்கறி வாங்கப் போனால் நாம் என்னவெல்லாம் பார்க்கிறோம்? கத்திரிக்காய் பளபளவென்று இருக்கிறதா, காம்பு பச்சையாக இருக்கிறதா, எங்காவது ஊசி குத்தின மாதிரி ஓட்டை தெரிகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். வெண்டைக்காயின் நுனியை ஒடிக்கிறோம். கறிவேப்பிலையில் ஒரு புள்ளி இருந்தால் "வேற கொத்து குடுப்பா" என்கிறோம். இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் வாதாடுகிறோம். ஆனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் நம்மில் முக்கால்வாசிப் பேர் கேட்பதில்லை. "இந்தக் காய்க்கு மருந்து எப்போ அடிச்சது?" என்பதுதான் அது.

நான் டாக்டரும் இல்லை, விவசாய அதிகாரியும் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று, சீயமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்து நாலு வருஷம் ஆகிறது. மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகைக் கோயில் இருக்கிறதே, அந்தச் சீயமங்கலம்தான். கோயிலைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். நாங்களோ தேசூருக்கும் செஞ்சிக்கும் சந்தைக்கும் சாமானுக்குமாக அலைந்துகொண்டிருப்போம். எங்கள் வீட்டில் நெல்லும் மல்லாட்டையும். என் கொழுந்தனார் மட்டும் கிணற்றோரமாக முப்பது சென்டில் கத்திரி வைத்திருக்கிறார். ஆகவே காய் விளைகிற இடம், விற்கிற இடம், வேகிற இடம் மூன்றையும் தினமும் பார்க்கிறவள் நான்.

போன தை மாதம் என் பெரிய மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். ஏழு மாதம் முடிந்திருந்தது. "காயும் கீரையும் நிறையச் சாப்பிடணும்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவளுக்கோ எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு என்றால் உயிர். தகவல் தெரிந்த மறுநாளே என் ஓரகத்தி ஒரு கூடை கத்திரிக்காயோடு வந்துவிட்டாள். கூடையை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டேன், "ஏம்மா, இதுக்கு மருந்து எப்போ அடிச்சது?"

அவள் முகம் சுண்டிப் போய்விட்டது. "இன்னாக்கா இப்பிடிக் கேக்கறீங்க? புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு விஷத்தையா கொண்டாந்து குடுப்பேன்? இது நம்ம வீட்டு வரிசைக் காயி. இதுக்கு அடிக்கறதே இல்ல!"

அவள் கோபத்தில் சொன்ன அந்த வார்த்தை என் மனசில் அப்படியே தங்கிவிட்டது. வீட்டு வரிசை! விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. வரப்போரமாகப் பத்துச் செடி, வீட்டுச் சமையலுக்கு என்று மருந்து படாமல் விடுவது பல தோட்டங்களில் உண்டு. சரி, மீதி வரிசைகளில் காய்ப்பது யார் வீட்டுக்குப் போகிறது? அங்கேயும் ஒரு புள்ளத்தாச்சிப் பெண் இருப்பாள் அல்லவா?

இதை நான் குத்தலாகச் சொல்லவில்லை. என் கொழுந்தனார் நல்ல மனிதர். அன்று சாயங்காலம் அவரே வந்து திண்ணையில் உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னார். "அண்ணி, கத்திரிக்குப் புழுதான் எமன். தாய்ப் பூச்சி முட்டை வச்சிட்டுப் போயிடும். குஞ்சுப் புழு பொரிஞ்ச கொஞ்ச நேரத்துலயே தண்டுக்குள்ளயோ காய்க்குள்ளயோ பூந்துடும். உள்ள பூந்துட்டா எந்த மருந்தும் படாது. அதனால பூர்றதுக்கு முன்னாடியே அடிச்சிக்கினே இருக்கணும். ஒரு காயில ஓட்ட இருந்தா மண்டில மூட்டையையே பாதி வெலைக்குக் கேக்கறான். டவுன்ல இருக்கற அம்மாங்க சொத்தக் காய தூக்கிப் போட்டுட்டுப் பளபளக்கறத எடுக்கறாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

நியாயமான கேள்விதான். பளபளப்பைக் கேட்பது நாம். அந்தப் பளபளப்பு எப்படி வருகிறது என்பதை மட்டும் கேட்பதில்லை.

என் ஓரகத்தி வேறொன்றும் சொன்னாள். மருந்து அடித்துவிட்டு வருகிற ராத்திரி அவருக்குச் சோறு இறங்காதாம். தலைவலியும் கண் எரிச்சலும் வேறு. வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, வெறுங்கையால் மருந்தைக் கலக்கி, காற்றுக்கு எதிராகவும் அடித்துவிட்டு வந்தால் வேறென்ன ஆகும்? நாம் சாப்பிடும் காயில் ஒட்டியிருப்பது துளியிலும் துளி. அடிக்கிறவர் உடம்பில் படுவது டேங்குக் கணக்கு. விஷத்துக்கு "மருந்து" என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியவில்லை. அந்தப் பெயராலேயே பாதிப் பயம் போய்விடுகிறது!

மறுநாள் பம்ப்செட் கொட்டகையிலிருந்த பாட்டில்களை எடுத்துவரச் சொன்னேன். பூச்சிமருந்துப் பாட்டிலின் மேல் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் நிறம் பூசியிருக்கும். சிவப்பு என்றால் கடும் விஷம், மண்டை ஓட்டுப் படமும் போட்டிருப்பார்கள். அதற்கு அடுத்தது மஞ்சள், அதற்கும் கீழே நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றதும் பயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நிறம், மருந்து நேராக வயிற்றுக்குள் போனாலோ தோலில் பட்டாலோ எவ்வளவு ஆபத்து என்பதற்குத்தான். அடித்த காயை எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது வேறு கணக்கு. அதைப் பாட்டிலோடு வரும் துண்டுத்தாளில் பார்க்க வேண்டும். ஆங்கிலம், இந்தியோடு அந்தந்த வட்டார மொழியிலும் தாள் இருக்க வேண்டும் என்பது விதி. எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் போதாமல் மகளைப் படிக்கச் சொன்னேன்.

அதில்தான் "காத்திருக்கும் காலம்" என்று ஒன்று இருக்கிறது. கடைசியாக மருந்து அடித்த நாளுக்கும் காய் பறிக்கும் நாளுக்கும் நடுவே எத்தனை நாள் விட வேண்டும் என்ற கணக்கு. வெயிலிலும் காற்றிலும், செடியின் உள்ளேயும் மருந்து சிதைந்து குறைவதற்கு அவ்வளவு நாள் வேண்டும். மருந்துக்கு மருந்து இது மாறும். ஒரே மருந்துக்கே பயிருக்குப் பயிர் மாறும். குளோரான்ட்ரனிலிப்ரோல் என்று ஒரு மருந்து, பச்சை நிறம் போட்டதுதான். அதைத் தக்காளிக்கு அடித்தால் 3 நாள் போதும், வெண்டைக்கு 5 நாள். கத்திரிக்கு அடித்தால் 22 நாள்! எமாமெக்டின் பென்சோயேட் என்று இன்னொன்று. அதற்குக் கத்திரியில் 3 நாள்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கத்திரி காய்க்க ஆரம்பித்துவிட்டால் நாலைந்து நாளுக்கு ஒரு பறிப்பு. விட்டால் முற்றிப் போகும். 22 நாள் காத்திருப்பது யாரால் முடியும்? அப்படியானால் காய்ப்பில் இருக்கும் கத்திரிக்கு அந்த மருந்தை அடிப்பதில் அர்த்தமே இல்லை. "கடையில இத சொன்னாங்களா தம்பி?" என்று கேட்டேன். "டேங்குக்கு எத்தினி மூடின்னு சொல்வாங்க அண்ணி. நாளெல்லாம் யாரு சொல்றா?" என்றார். துண்டுத்தாளைப் பிரித்துப் பார்த்ததும் அன்றைக்குத்தானாம்.

அதற்குப் பிறகு அவர் தோட்டக்கலை அலுவலகத்தில் போய்க் கேட்டுவந்து சில மாற்றங்கள் செய்திருக்கிறார். வாடித் தொங்கும் குருத்துகளைப் புழுவோடு கிள்ளி எடுத்து அழிப்பது. ஆண் பூச்சியை ஏமாற்றிப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி கட்டுவது. வேப்பங்கொட்டையை இடித்து ஊற வைத்த சாறு, நூறு லிட்டருக்கு ஐந்து கிலோ பருப்பு என்ற கணக்கில், அடிப்பது. அதையும் மீறிப் புழு வந்தால் மட்டும் நாள் குறைவான மருந்து. அதுவும் காய் பறித்த அன்று சாயங்காலமே அடித்துவிடுவது. அடுத்த பறிப்புக்குள் ஐந்து நாள் ஓடிவிடும், 3 நாள் கணக்குத் தானாகச் சரியாகிவிடும். முன்பெல்லாம் நாளைக்குப் பறிப்பு என்றால் இன்றைக்கு அடிப்பார்கள், காய் மினுமினுப்பாக இருக்க வேண்டுமென்று! தினசரி காலண்டரில் அடித்த நாளுக்கு என் ஓரகத்தி ஒரு வட்டம் போட்டு வைக்கிறாள். சொத்தைக் காய் முன்பைவிடக் கொஞ்சம் கூடத்தான் விழுகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்துச் செலவு குறைந்திருக்கிறது என்று அவரே சொல்கிறார்.

"சட்டம் என்று ஒன்று இல்லையா? அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா?" என்று கேட்பீர்கள். சட்டம் இருக்கிறது, அது வந்த கதையையும் சொல்லத்தான் வேண்டும். 1958-ல், அப்போதைய சென்னை மாகாணத்திலும் கேரளத்திலும், பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்த உணவைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் செத்துப் போனார்கள். கப்பலில் கோதுமை மாவையும் பூச்சிமருந்தையும் சேர்த்து ஏற்றி வந்ததில் மருந்து ஒழுகி மாவில் கலந்துவிட்டது. நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். அதையெல்லாம் தொட்டு வந்ததுதான் 1968-ம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டம். உணவுக் கலப்படத் தடைச் சட்டம் அதற்கு முன்பே 1954-ல் வந்துவிட்டது. அதன் இடத்தில் 2006-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் வந்து, 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. பொட்டலங்களின் மேல் 14 இலக்க லைசென்ஸ் எண் பார்க்கிறோமே, அது இந்தச் சட்டத்தால் வந்தது.

எந்த உணவில் எந்த மருந்தின் எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். அட்டவணையில் இல்லாத மருந்து என்றால் பொதுவாக ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை. நூறு டன் காயில் ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கண்ணால் பார்க்க முடியாது, மோந்தும் நாக்கில் வைத்தும் தெரிந்துகொள்ள முடியாது. பெரிய ஆய்வுக்கூடத்து யந்திரம்தான் சொல்ல வேண்டும்.

இப்போது ஒரு விசித்திரத்தைக் கேளுங்கள். பூச்சிமருந்துச் சட்டத்தின் 38-வது பிரிவு, ஒருவர் தன் சாகுபடி நிலத்தில் மருந்து அடித்துக்கொள்வதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. உணவுச் சட்டத்தின் 18-வது பிரிவோ, விவசாயிக்கும் வயலில் இருக்கும் விளைச்சலுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. மருந்துச் சட்டம் கடை வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. உணவுச் சட்டம் மண்டியில்தான் ஆரம்பிக்கிறது. நடுவில் இருக்கிற வயலில் என்ன நாள், எவ்வளவு மருந்து என்று பார்ப்பதற்கு ஆளே கிடையாது! ஏழை விவசாயியை இன்ஸ்பெக்டர் வந்து மிரட்டக் கூடாது என்கிற நல்ல எண்ணத்தில் வைத்த விதியாக இருக்கலாம். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த இடைவெளியை நிரப்ப, வாங்குகிறவள் கேட்கிற கேள்வியைத் தவிர இன்றைக்கு வேறெதுவும் இல்லை என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வயலைத் தாண்டின பிறகு நமக்கு ஓர் உரிமை இருக்கிறது. அதே உணவுச் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, நாம் வாங்கின பொருளை நாமே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் "இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட வேண்டும். பொருள் தப்பு என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரு கிலோ வெண்டைக்காய்க்காக யார் இவ்வளவு செய்வார்கள் என்று கேட்காதீர்கள். பத்துப் பெண்கள் சேர்ந்த மகளிர் குழு ஒன்று செய்தால் போதும், அந்தச் சந்தையில் செய்தி பரவிவிடும்.

கேட்கிறவர்களுக்குப் பலன் உண்டு என்பதற்குப் பக்கத்து மாநிலமே சாட்சி. 2015-ல் கேரளத்து உணவுப் பாதுகாப்புத் துறை, தமிழ்நாட்டிலிருந்து போகும் காய்கறிகளில் மருந்து எச்சம் இருக்கிறதென்று பிடித்துக்கொண்டது. ஆட்களை அனுப்பி இங்குள்ள தோட்டங்களைப் பார்த்தார்கள். நம் தரப்பில் மறுத்தார்கள். பெரிய சர்ச்சையே நடந்தது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாயணியில் இருக்கிற வேளாண் கல்லூரி ஆய்வுக்கூடம் காய்களைத் தொடர்ந்து சோதித்து முடிவுகளை வெளியிட்டுக்கொண்டிருந்தது. அடிக்கடி மாட்டிக்கொண்டது எது தெரியுமா? கறிவேப்பிலை, கொத்துமல்லி, புதினா, பச்சை மிளகாய். நாம் "வாசனைக்குத்தானே" என்று சரியாகக்கூட அலசாமல் போடுகிறவை! கறிவேப்பிலையைத் தூக்கி எறிகிறவர்கள் பிழைத்தார்கள். மோரிலும் சட்னியிலும் பச்சையாக அரைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். ஒரு கறிவேப்பிலைக் கன்றைக் கொல்லைப்புறத்தில், பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் வைத்துவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை.

ஆனால் தெரியாமல் பயப்படுவதும் ஒரு கெடுதல். 2025 மார்ச் கடைசியில் நடந்த தர்பூசணி விவகாரம் நினைவிருக்கிறதா? பழத்தில் சிவப்புச் சாயம் ஊசி போட்டு ஏற்றுகிறார்கள் என்று சென்னையில் ஓர் அதிகாரி பேசியது செல்போன் செல்போனாகப் பரவியது. நல்ல வெயில் காலத்தில் ஜனங்கள் பழத்தைத் தொடவே பயந்தார்கள். திண்டிவனம் பக்கத்து விவசாயிகள் விளைந்த பழத்தைக் கேட்க ஆளில்லாமல் தவித்தார்கள். பிறகு, சோதனையில் அப்படிப்பட்ட பழம் எதுவும் அகப்படவில்லை என்று விளக்கம் வந்தது, அந்த அதிகாரியும் மாற்றப்பட்டார். போன விலை திரும்பி வரவில்லை. தர்பூசணியின் சிவப்பு, தக்காளிக்கு இருக்கிற அதே இயற்கை நிறம். ஊசி குத்தின பழம் சீக்கிரம் அழுகிவிடும், எந்த வியாபாரி அதைச் செய்வான்? கண்ணுக்குத் தெரிகிற சிவப்பைப் பார்த்துப் பயந்தோம். கண்ணுக்குத் தெரியாத நாள் கணக்கை அப்போதும் யாரும் கேட்கவில்லை.

சரி, எப்படிக் கேட்பது? சண்டைக்காரி மாதிரி கேட்டால் பதில் வராது. என் ஓரகத்திக்கே கோபம் வந்தது என்றால் பாருங்கள்! வெள்ளிக்கிழமை செஞ்சி சந்தைக்குப் போகும்போது நான் முதலில் "எந்த ஊர்க் காய்ம்மா? உங்க தோட்டமா, மண்டியில எடுத்ததா?" என்று ஆரம்பிப்பேன். சொந்தத் தோட்டம் என்றால் பேச்சு வளரும். "பூச்சி ஜாஸ்தியா இந்த வருஷம்?" என்பேன். அதற்குப் பதில் சொல்லும்போதே மருந்து கதை தானாக வந்துவிடும். "கடைசியா என்னிக்கு அடிச்சீங்க? பறிச்சி எத்தினி நாளாச்சி?" என்று அப்புறம் கேட்கலாம். மூன்று நாலு தடவை ஒரே ஆளிடம் வாங்கினால் உண்மையே வரும். "அக்கா, இன்னிக்கு வெண்டக்கா வேணாம், முந்தா நாளுதான் அடிச்சோம்" என்று ஒரு பாட்டி எனக்கே சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டியிடம் நான் பேரம் பேசுவதில்லை. ஓரிரு ஓட்டையுள்ள கத்திரிக்காயும் வாங்குவேன். அந்தப் பகுதியை நறுக்கிப் போட்டால் போயிற்று. ஆனால் சொத்தை இருந்தால் மருந்தே அடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புழு உள்ளே போன பிறகு அடித்திருக்கவும் கூடும்.

மண்டிக் காய் விற்கிறவருக்கு விவரம் தெரியாது, பாவம். அவரிடம் பருவத்துக் காயாகப் பார்த்து வாங்குவதே மேல். கோடையில் காலிபிளவருக்கு ஆசைப்பட வேண்டாமே! எங்கள் பக்கத்தில் நான் பார்த்தவரை சுரை, பூசணி, சேனை, கருணை, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை இவற்றுக்கு மருந்து குறைவு. "இயற்கை விளைபொருள்" என்று அட்டை எழுதி மாட்டியிருந்தால் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். அட்டை எழுத யாராலும் முடியும்.

வீட்டுக்கு வந்தபின் செய்ய வேண்டியது அதிகமில்லை. மருந்தில் இரண்டு ஜாதி. தோலின் மேலேயே ஒட்டியிருப்பது ஒன்று, செடிக்குள் ஊடுருவிப் போவது ஒன்று. முதல் ஜாதி தண்ணீருக்குக் கொஞ்சம் அசையும். ஓடுகிற தண்ணீரில் கையால் தேய்த்து இரண்டு மூன்று தடவை கழுவுவதே முக்கால் வேலை. நறுக்கின பிறகு கழுவுவதில் பிரயோஜனம் இல்லை, முழுசாகக் கழுவிவிட்டு நறுக்குங்கள். கீரையையும் கறிவேப்பிலையையும் புளித்தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசுவது வெள்ளாயணிக்காரர்கள் சொன்ன முறை. 2017-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் ஆப்பசோடா போட்டுக் கால் மணி நேரம் ஊறவைத்ததில் தோல் மேலிருந்த மருந்து பெரும்பாலும் போய்விட்டதாம். ஆனால் தோலுக்குள் இறங்கியிருந்தது போகவில்லை. ஊடுருவிய ஜாதிக்குப் புளியும் சோடாவும் ஒன்றும் செய்யாது. அதற்குத்தான் நாள் கணக்கு. சோப்புப் பவுடரில் காய் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். ஒரு விஷத்துக்கு இன்னொன்றா?

இதையெல்லாம் படித்துவிட்டுக் காய்கறியையே குறைத்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு 400 கிராம் காயும் பழமும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம்மில் பலர் அதில் பாதியே சாப்பிடுவதில்லை. என் மகளுக்கும் நான் கத்திரிக்காய்க் குழம்பை நிறுத்தவில்லை. வீட்டு வரிசைக் காய் முடிந்த பிறகு, காலண்டரில் வட்டத்தைப் பார்த்து நாள் எண்ணிப் பறித்த காயையே செய்து போட்டேன். சித்தப்பா தோட்டத்துக் காய் என்று சப்புக் கொட்டிச் சாப்பிட்டாள். பேரன் பிறந்து இப்போது குப்புற விழுகிறான்.

அரிசிப் பானையில் வண்டுக்கென்று சிலர் மாத்திரை போடுகிறார்கள். அலுமினியம் பாஸ்பைடு என்கிற அந்த மாத்திரை காற்றில் ஈரம் பட்டதும் விஷவாயுவைக் கக்கும். கிடங்குகளில் பயிற்சி பெற்றவர்கள் மட்டும் கையாள வேண்டியது, குழந்தைகள் தூங்குகிற வீட்டுக்குள் வரவே கூடாது. அரிசியை நிழலில் உலர்த்தி, காய்ந்த வேப்பிலையோ வசம்போ போட்டு வைத்தால் போதும்.

கடைசியாகக் காலி டப்பா. 2013 ஜூலை 16-ம் தேதி பீகாரில் சாரண் மாவட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்து போனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. மருந்து இருந்த டப்பாவில் எண்ணெயை ஊற்றி வைத்ததால் வந்த வினை என்று சொன்னார்கள். காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாது என்று அந்த மருந்துக்கு 2005-லேயே தடை வந்திருந்தது. வயலுக்கு என்று வாங்கி வந்தது இப்படியும் சமையலறைக்குள் வந்துவிடுகிறது. எங்கள் தெருவிலும் மருந்து டப்பாவை நாலு தண்ணீர் ஊற்றிக் கழுவி, மண்ணெண்ணெய்க்கும் விதைக்கும், ஏன், மாட்டுக்குத் தண்ணீர் மொள்ளவும் வைத்துக்கொள்கிற வழக்கம் இருந்தது. இப்போது கொழுந்தனார் டப்பா காலியானதும் மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றி அடித்துவிடுகிறார். பிறகு கடப்பாரையால் அடியில் இரண்டு ஓட்டை போட்டுவிடுகிறார். ஓட்டை டப்பாவை யார் கேட்டு வரப்போகிறார்கள்?